பிடரிக்கு மூன்று விரல்

ஆஸ்பத்திரித் துண்டில் டொக்டர் எழுதியது
ஒரு தலையணையின் பெயர்.
கொழும்பில் வாங்கலாம் என்றார்.
விலையை விசாரித்துவிட்டு
குலேந்திரன் துண்டை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினான்.
நான் கத்தரியை எடுத்தேன்.

பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்து வெட்டி
இருபது வருசம்.
மல்லாவியில் யாருக்கு எவ்வளவு சுற்றளவு
என்று கேட்டால் சொல்லுவேன்.
படுத்தபின் கழுத்துக்கும் பாய்க்கும் நடுவில்
எவ்வளவு இடைவெளி என்பதை
எந்த அளவுநாடாவும் எனக்குச் சொன்னதில்லை.

மல்லாந்து படு என்றேன்.
பிடரிக்குக் கீழே கையை விட்டேன்.
மூன்று விரல் போனது,
நாலாவது இடறியது.
"கூசுது" என்றான்,
மில்லில் மூட்டை சுமக்கிற மனுசன்.
கொப்பியில் எழுதினேன்:
மூன்று விரல், கூச்சம் நீங்கலாக.

முதலாவது, இலவம்பஞ்சு.
நல்ல பஞ்சுதான், ஆனால் பணிவு அதிகம்.
தலை வைத்ததும் எல்லாத்துக்கும் ஓம் சொல்லியது.
நடுச்சாமத்தில் தலை பாயில் கிடந்தது.

பிறகு உமி.
மில்லில் சும்மா தந்தார்கள்.
வைத்த இடத்தில் நிற்கும், ஆனால் கதைக்கும்.
புரளும்போதெல்லாம்
காய்ந்த சருகில் யாரோ நடந்து வருவதுபோல.
அவன் எழும்பி இருந்துவிட்டான்.
விடியும்வரை லைற்றை நூர்க்க விடவில்லை.
உமியைக் கோழிக்கூட்டில் கொட்டினேன்.

பழைய பஸ் சீற்றின் ஸ்பொஞ்சும் பார்த்தேன்.
அது தாங்கவில்லை, தள்ளியது.

ஆவணி வெயிலில் வவுனிக்குளம் வற்றி
கரைச் சேறு குழைத்த ரொட்டிமா பதத்தில் இருந்தது.
அதில் அவனைப் படுக்கச் சொன்னேன்.
வலை உதறிய பெடியள் இரண்டு பேர்
"அண்ணைக்கு என்ன?" என்றார்கள்.
"அளவெடுக்கிறன்."
எழும்பியபோது
தலைக்கு ஒரு குழி, தோளுக்கு ஒரு குழி,
நடுவில், கழுத்து தொடாத இடத்தில்
சேறு ஒரு சின்ன வரம்பாய் நின்றது.
தலைக்கு அணை என்று பெயர் வைத்தவர்கள்
கட்டுக் கட்டவேண்டிய இடத்தைச்
சொல்லாமல் போய்விட்டார்கள்.

நாலாவதைத் தைத்தேன்.
ஓரத்தில் வரம்பு,
வெட்டுத்துணியைக் கிழித்து இறுக்கித் திணித்தது.
நடுவில் அரைவாசிப் பஞ்சு.
மல்லாந்து படுத்தால் சுகமாய் இருந்தது.
அவன் மல்லாந்து படுப்பதில்லை.

ஓர் இரவு முழுக்க முழித்திருந்து
கொப்பியில் கோடு போட்டேன்.
வலப்பக்கம் பதினொன்று.
மல்லாந்து ஐந்து.
இடப்பக்கம் ஒன்றுமில்லை.
அடுத்த இரவும் ஒன்றுமில்லை.
பதினெட்டு வருசம் பக்கத்தில் படுக்கிறேன்,
எண்ணும்வரை தெரியவில்லை.

வலது காது அவனுக்குக் கேட்காது.
அது தெரியும்,
எந்த மாதம் எந்த வெளியில் கேட்காமல் போனது என்பதும்.
கேட்காத காதைத் துணியில் புதைத்து
கேட்கிற காதைக் கூரைக்குக் கொடுத்துப் படுக்கிறான்.
நித்திரையிலும் ஒரு காது
சென்றிக்கு நிற்கிறது.
ஒரு பக்கமே திரும்பிக் கிடக்கும் கழுத்து
நோகாமல் என்ன செய்யும்.

ஐந்தாவதில் இடப்பக்கத்தை
இரண்டு விரல் உயர்த்தினேன், தோளின் அளவுக்கு.
காது வைக்கும் இடத்தில் சின்னப் பள்ளம்,
மடல் நசியாமல்,
கொஞ்சம் சத்தம் உள்ளே வரக்கூடியதாய்.
உறைக்கு, மிஞ்சிய யூனிபோர்ம் வெள்ளை.
கொடுக்கும்போது விளக்கம் சொன்னேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் வலப்பக்கம் நின்று சொன்னேனோ என்னவோ.

ஒரு மாதம் போனது.
ஐப்பசியில் ஒரு ராத்திரி
தகரத்தில் மழை அறைய,
எந்தக் காதுக்கும் எதுவும் கேட்காத நேரம்
இடப்பக்கம் புரண்டான்.
பள்ளம் காதை வாங்கிக்கொண்டது.
மழை விட்டது. அவன் திரும்பவில்லை.
றோட்டில் நாய் குரைத்தது.
படலை ஆடியது.
எழும்பிப் போய்ப் பார்த்தது நான்.
காற்றுத்தான்.

விடியத் தேத்தண்ணி குடித்தபடி சொன்னான்,
"இன்னும் கொஞ்சம் இழுக்குது, இஞ்ச."
தொட்டுக் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன்.
அரை விரல் கூடிவிட்டது.
தையலைப் பிரிக்கவேண்டும்.