அரைப்பேர்

முதலில் கண்டுபிடித்தவை அட்டைகள்.
பூட்ஸைக் கழற்றினால்
இடது விரலிடுக்கில் மூன்று,
நாவற்பழமாய் ஊதிக் கிடந்தன.
மகன்தான் கத்தினான், "அம்மா, ரெத்தம்!"
பதினாறு வருசம் மலைக்குப் போகிறேன்,
ஈர நூல் ஒன்று ஊர்வது போல
அட்டை ஏறும்போதே தெரியும் எனக்கு.
சுண்ணாம்பைத் தடவினேன். எரியவில்லை.
அடுத்த காம்பராக்காரியின் காலுக்குத்
தடவிவிட்டது போல இருந்தது.

குளிர் என்றேன். தை மாசம் என்றேன்.
தை போனது, மாசி போனது.
பங்குனியில் ஒரு காலை, கேட்காமலே
கால் திரும்பி வந்தது.
எங்கே போயிருந்தாய் என்று நானும் கேட்கவில்லை.

பிறகு கழுத்து.
கொழுந்துக்குக் குனிந்து
நாடி நெஞ்சில் படும்போதெல்லாம்
பிடரியிலிருந்து குதிகால் வரை
சுளீரென்று ஒரு கரண்ட்.
சொல்லக் கூச்சம்.
எங்கள் லயத்தில் மழை பெய்தாலே லைட் இல்லை,
எனக்குள் மட்டும் யார் லைன் இழுத்தது?

ஒரு சாயந்தரம்
படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன்.
விலாவைச் சுற்றி அது இன்னும் இறுகியது.
ஆணியைப் பார்த்தேன்.
அங்கேதான் தொங்கியது,
சொட்டச் சொட்ட.

மடுவத்தில் தராசு பதினொன்று காட்டியது.
பதினெட்டுக்கு ஒரு பேர். குறைந்தால் அரை.
கணக்கப்பிள்ளை ஞானபாலன்
நிமிராமலே அரைப்பேர் போட்டார்.
"கமலவேணிக்கு வேல கசக்குது"
வரிசையில் யாரோ.
விரல்கள் கொழுந்தைத் தொடுவது எனக்குத் தெரிந்தது,
பார்த்தால் மட்டும்.

மே தினத்துக்கு லொறியில் ஹட்டனுக்குப் போனோம்.
வலது கண்ணில் தூசி, கசக்கினேன்;
இடது கண்ணால் பார்த்தால்
சங்கத்துக் கொடியெல்லாம்
ஊறவைத்துப் பிழிந்த செங்கல் நிறம்.
"கொடி வெளுத்துப் போச்சு" என்றேன் புருசனிடம்.
"ஒனக்கு இப்பதான் தெரியுதா" என்று
லொறியே சிரித்தது.
நானும் சிரித்தேன்.
கண்ணைத் திருப்பினால் உள்ளே முள் குத்தியது.

அன்று ராத்திரி சுடுதண்ணியில் குளித்தேன்.
பல்பு மங்கியது, சுவர் மங்கியது,
துணி துவைக்கிற கல் எங்கே என்று தடவினேன்.
உடம்பு ஆறியதும்
எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன,
ஒன்றும் நடக்காதது போல.

டிஸ்பென்சரியில் பெனடோல்.
மாமியார் கணக்கில் பொறாமைக் கண்.
கோயிலில் மஞ்சள் நூல்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில்
துண்டு கிடைத்து, நாள் கிடைத்து, நான் போனபோது
சிவப்பு சிவப்பாகவே இருந்தது.
"இப்ப என்ன செய்யுது?"
"இப்ப ஒண்ணும் செய்யல்ல."
என் வாய்க்கே நான் பொய்க்காரியாகக் கேட்டேன்.

இரண்டாவது தடவை கால் இழுத்துக்கொண்டு போனேன்.
சின்ன வயது டாக்டர், சிங்களப் பிள்ளை.
சாவியின் முனையால் உள்ளங்காலைக் கோடிட்டாள்.
பெருவிரல் மேலே எழும்பியது.
நான் எழுப்பவில்லை.
அவள் பேனாவை எடுத்து, மூடி, மறுபடி எடுத்து
"எப்ப இருந்து?" என்றாள் உடைந்த தமிழில்.

அட்டையைச் சொன்னேன்.
கரண்டை, படங்கை, கொடியைச் சொன்னேன்.
தனித்தனியாய் வந்து போனவை
அவளுடைய தாளில்தான்
முதல்முதலாய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
"இது என்ன வருத்தம் மிஸ்?"
"கண்டியில படம் எடுக்கணும்" என்றாள்.
பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது.
கடிதத்தில் எழுதி, மடித்து, ஒட்டிவிட்டாள்.

இன்றைக்குப் பிரட்டுக்குப் போகவில்லை,
அரைப்பேர்கூட இல்லை.
கினிகத்தேனை வளைவுகளில் பஸ் இறங்குகிறது.
மடியில் கடிதம். கடிதத்தின் மேல் கை.
கை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன்,
சுளீர்.

எதிரே நிற்கிறவளிடம் சிவப்புக் குடை.
வலது கண்ணை மூடுகிறேன். திறக்கிறேன்.
இடதை மூடுகிறேன். மறுபடி வலதை.
அவள் என்னை முறைத்துப் பார்க்கிறாள்,
குடையை
அந்தப் பக்கக் கைக்கு மாற்றிக்கொள்கிறாள்.