சாட்சியில் வருகிற பையன்

தர்மபுரியில் கூட்டம் முடிந்து
வாடகை நாற்காலிகளை எண்ணி ஒப்படைத்தபோது
இரவு பன்னிரண்டு.
சேலத்தில் மேடை ஏறுவது மறுநாள் மாலை ஏழுக்கு.
நடுவில் கிடந்த இந்தத் துண்டுக்காக
ஜூனிலிருந்து காத்திருந்தோம்.

ஸ்பீக்கர் பெட்டிக்கும் கைப்பிரதிக் கட்டுக்கும் இடையே
என் மடியில் தட்டுவடை செட்.
சாயங்காலம் மட்டும் திறக்கிற கடை;
டிரைவர் மாதையனின் மைத்துனர் என்பதால்
காலையிலேயே கட்டிக் கொடுத்தார்.
"சட்னி தனி, துருவல் தனி.
மேல போய்ச் சேர்த்தாத்தான் மொறுமொறுப்பு."
வளைவுக்கு வளைவு ஹாரன்.
தேவவரம் தூங்கினார், வாய் திறந்து,
நேற்று ஒரு மைதானத்தையே அழவைத்த வாய்.

விடுதிப் பதிவேட்டில்
உறவுமுறை என்ற கட்டத்தில்
அம்மா என்று எழுதினேன்.
திரும்பும் நேரம் என்ற கட்டத்தை
வார்டனே நிரப்பிக்கொண்டார்: மூன்று.

ஒபேத் வந்தான்.
பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.
நான் வாங்கிப்போன ஷூ ஏழாம் நம்பர்.
கால் எட்டுக்குப் போய்விட்டிருந்தது,
எங்களுக்குச் சொல்லாமல்.

ஏரியில் மிதிபடகு எடுத்தோம்.
அப்பாவும் மகனும் முன்னால், நான் பின்னால்.
அவன் பக்கம் வேகம் அதிகம்;
படகு நேராகப் போகாமல்
தன்னைத்தானே சுற்றியது.
அதற்குச் சிரித்தோம்.
மூவரும் ஒரே சமயத்தில் சிரித்தது
அந்த ஒரு முறைதான்.

பிறகு அவன் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்:
"அப்பா, என் காய்ச்சல் கதைய
மேடையில சொல்ல வேணாம்ப்பா, இனிமே."
இவர் கால் நின்றது.
"எல்லாம் போன்ல வருது. பசங்க பாக்கறாங்க.
செத்துப் பிழைச்சவன்னு கூப்பிடறாங்க."

ஐந்து வயதில் அவனுக்கு வந்த காய்ச்சல்.
கைவிட்ட டாக்டர், விடியும்வரை முழங்கால்,
காலையில் அவன் கேட்ட இட்லி.
ஓமலூரில் சொன்னோம், அரூரில், மேட்டூரில்,
பெயர் மறந்த ஊர்களில்.
அந்த இடம் வரும்போது
என் கீபோர்டில் விரல் தானாக
சோகமான ஒரு சுரத்துக்கு இறங்கும்.
அதற்குப் பிறகுதான் காணிக்கைப் பை போகும்.
வரிசை அப்படித்தான் அமைந்துவிட்டது;
யாரும் திட்டமிடவில்லை.
அல்லது நான்தான் திட்டமிட்டேனோ,
இப்போது ஞாபகமில்லை.

"நீ பிழைச்சது நிஜம்தானேடா" என்றார்.
"நிஜம்தான்ப்பா. ஆனா என்னோடது."

கரைக்கு வந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றோம்.
கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்டேன்.
சொன்னான்.
கேட்டது காதில் விழுந்தது, பதில் விழவில்லை.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி
சில்வர் ஓக் மரங்களை இடுப்புவரை எடுத்துக்கொண்டது.
வாசலில் அவன் தலைமேல் கை வைத்தார்.
அரை மணி நேரம் ஜெபிக்கிறவர்.
இன்று ஒரு சொல்லும் வரவில்லை,
கை மட்டும் இருந்தது.
வார்டன் கடிகாரம் பார்த்தார்.
கடைசியில் ஒபேத்தே "ஆமென்" சொல்லி
அவரை விடுவித்தான்.
பசங்களுக்கு என்று தட்டுவடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.
ஷூ பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.
திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன்.
படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறினான்.

இருபதாம் வளைவிலிருந்து இறங்கினோம்.
பதினொன்றில் பைக்குள் கை ஈரமானது.
சட்னி என்னிடமே இருந்தது.

இரவு, அம்மாப்பேட்டை.
பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் நிற்கவேயில்லை.
அந்த இடம் வந்தது.
பழக்கத்தில் என் விரல் இறங்கிவிட்டது.
"எனக்கு ஒரு மகன்" என்றார்.
தண்ணீர் குடித்தார்.
முன்வரிசையில் ஒரு பெண்
முந்தானையைத் தயாராக எடுத்திருந்தாள்.
"ஏற்காட்டில் படிக்கிறான். நல்லா இருக்கான்."
அவ்வளவுதான்.
வேதப் புத்தகத்தில் வேறு பக்கம் தேடினார்,
வெகுநேரம்.
அந்த ஒரு கட்டையை எடுக்கத் தெரியாமல்
அழுத்திக்கொண்டே இருந்தேன்.

காணிக்கைப் பை லேசாகத் திரும்பி வந்தது.
காலையில் ராசிபுரம் கிளம்பும் முன்
எட்டாம் நம்பர் கேட்க வேண்டும்.
பில்லை எங்கே வைத்தேன் என்று
கைப்பிரதிக் கட்டுகளுக்குள்
டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறார்
தேவவரம்.