வேறொரு கருவியில்

அடுத்த வருஷம் இந்த மேஜை உனக்கு வரும்.
புதுவயல் ரைஸ்மில்லுக்குப் பின்னால் சரளை மைதானம்,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு போன்.
எனக்கு முழங்கால் போனதால் வந்தது.
உனக்கு எதனால் வருமோ.

ஒரு கால் ஆட்டம் பதினைந்து நிமிஷம்,
அது முடிந்தால் இரண்டே நிமிஷம் இடைவெளி.
அதற்குள் பாட்டு வந்துவிட்டால்
உன் பெயர் ஒருவருக்கும் தெரியாது.
வராவிட்டால்
தேவகோட்டையிலிருந்து வந்த பஸ் முழுக்கத் தெரியும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் இடம் மாறு.
மேற்குக் கோலுக்குப் பின்னால் சிக்னல் ஒரு கோடுதான்.
பெரிய வீட்டு மதில் குறுக்கே நிற்கிறது.
அதைத் தாண்டி விழுந்த பதினோரு பந்தும்
இன்னும் திரும்பவில்லை,
பாட்டு மட்டும் எப்படி வரும்?

ப்ளூடூத்தை நம்பாதே.
போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல்
எதிரணிக் கோச்சின் காரோடு போய்ச் சேர்ந்துகொண்டது.
அவர் கதவைத் திறக்கிறார், உள்ளே நம் பாட்டு!
அமைப்புகளுக்குள் போய்
அந்தக் காரை 'மறந்துவிடு' என்று சொன்னேன்.
மறந்துவிட்டது.
போனுக்கு அவ்வளவு லேசு.

கேச்சைத் துடை. ஆப்பை மூடித் திற.
ஆனால் லாக் அவுட் மட்டும் ஆகாதே.
திரும்ப உள்ளே வர ஒரு எண் கேட்கும்,
அந்த எண் கடல் தாண்டிப் போகும்.

ஏனென்று சொல்கிறேன்.

அரையிறுதி. சிவகங்கைப் பெண்கள்.
இடைவேளையில் இரண்டுக்கு ஒன்று, நாம் முன்னால்.
அழுத்தினேன். பாட்டு எடுத்தது, நின்றது.
'உங்கள் கணக்கு வேறொரு கருவியில் ஒலிக்கிறது.'
மறுபடி அழுத்தினேன்.
எட்டு நொடி. பறிபோனது.
பின்னாலிருந்து வந்து, மட்டையைக் கவிழ்த்து,
பந்தைக் கொத்திக்கொண்டு போவாள் ஒருத்தி,
அதே வேகம்.

சிகப்பி.
எங்கள் சென்டர் ஹாஃப். கணக்கைத் திறந்தவள்.
இன்றைக்கும் அவள் கார்டில்தான் மாதக் காசு போகிறது.
இப்போது ஈப்போவில் இருக்கிறாள்.
மண்டல இறுதியில் அவள் அடிக்க வேண்டிய ஸ்ட்ரோக்கை
நான் கேட்டு வாங்கி, கம்பத்துக்கு வெளியே தள்ளினேன்.
'பரவாயில்லை' என்று அவள் சொல்லவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று வருஷம் ஆகிறது.

மைதானம் முழுக்க என்னையே பார்க்கிறது.
மைக்செட் பீர்முகமது வயரை ஆட்டுகிறார்;
எது கெட்டாலும் அவர் வயரைத்தான் ஆட்டுவார்.
'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு'
என்றொரு சிவப்புப் பொத்தான் உண்டு.
கட்டைவிரலை அதன்மேல் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
அவள் கேட்கும் பட்டியலின் பெயர் சின்ன எழுத்தில்:
'ஜெயிச்சா மட்டும்.'
ஜெயித்துத் திரும்பும் பஸ்ஸில்
மட்டையால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்டது.
அந்த இறுதிக்குப் பிறகு யாரும் திறக்காதது.
இங்கே மணி நாலரை. அங்கே ஏழு.
யாரோ போனில் நேரலை விட்டிருக்க வேண்டும்,
வேலை முடிந்து அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

விரலை எடுத்தேன். அனுப்பினேன்:
'இன்னும் ரெண்டு கால் இருக்குடி. அவசரப்படாதே. நிறுத்து.'

நீல நிறத்தில் இரண்டு டிக்.
ஸ்பீக்கர் ஒரு தடவை இருமியது,
பிறகு பாட்டு சரளை முழுக்கக் கொட்டியது.
பீர்முகமது வயரைக் காட்டி,
'நான் சொல்லலை?' என்றார்.

ஆட்டம் என்ன ஆனது என்பதை
ஸ்கோர் நோட்டில் பார்த்துக்கொள்.
பாஸ்வேர்டு இடப்பக்கப் பெட்டிக்கு அடியில்
மார்க்கரில் எழுதியிருக்கிறது.
மாற்றாதே.
நடுவில் எப்போதாவது பாட்டு பறிபோனால்
உடனே அழுத்தாதே,
ஒரு நிமிஷம் அவளிடம் இருக்கட்டும்.