மோட்டாருக்கு ஒரு நம்பர்

ஒரு கிலோ சீனிப் பொட்டலம் அளவுதான் பெட்டி.
தஞ்சாவூர் கீழவாசலில் வாங்கி
மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.
சாலியமங்கலம் வருமுன் மூன்று தரம் திறந்து
முகர்ந்து பார்த்திருப்பேன்.
புது பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை இருக்கிறது,
மறுநாள் போய்விடும்.

வேம்பு கணக்கில் இது ஆறாவது.
நெற்றியில் மாட்டும் விளக்கு,
தானே சுருளும் ஓஸ்,
காலடி எண்ணும் வாட்ச்:
வரப்பில் நடந்தால் கண்டுகொள்ளாது,
டிராக்டரில் உட்கார்ந்தால்
பத்தாயிரம் அடி, சபாஷ் என்று
கையை உலுக்கும்.

பக்கிரிசாமி ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்
நாலு திருகில் மாட்டினான்.
சிம் கார்டு வேம்பு பேரில்.
என் ஆதாரில் ஏற்கெனவே நிறைய.

கண்ணெதிரே, பத்தடி தூரத்தில் இருக்கும் மோட்டாருக்கு
போன் போட்டேன்.
எடுத்தது.
"வணக்கம். மும்முனை மின்சாரம் உள்ளது.
மோட்டாரை இயக்க, எண் ஒன்றை அழுத்தவும்."
அந்த ழகரம்!
எங்கள் பக்கத்தில் யாரும்
அவ்வளவு பொறுமையாக
நாக்கை மடித்து நான் கேட்டதில்லை.
அழுத்தினேன்.
டக்கென்று உள்ளே ஏதோ விழுந்தது.
குழாய் இருமிற்று, காற்றைத் துப்பிற்று,
செம்பழுப்பாய்க் கொஞ்சம்,
பிறகு தண்ணீர்.
கைதட்டினேன்.
பக்கிரிசாமி கூலியை எண்ணிக்கொண்டிருந்தான்.

குறையையும் சொல்லிவிட வேண்டும்.
சிவப்பு விளக்கு தேவைக்கு மேல் பிரகாசம்,
ஈசல் முழுக்க அங்கேதான்.
கட்டளைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே
ஆறேழு விநாடி யோசிக்கிறது.
கரண்ட் வந்ததா, சொல்லும்.
வயல் நிறைந்ததா, அதற்குத் தெரியாது.

முதல் ராத்திரி ஒன்று நாற்பதுக்கு
மோட்டார் என்னைக் கூப்பிட்டது.
கரண்ட் வந்துவிட்டதாம்.
படுத்தபடியே அழுத்தினேன்.
அப்படியே தூங்கலாம், அதற்குத்தான் ஏழாயிரத்து இருநூறு.
நானோ டார்ச்சை எடுத்துக்கொண்டு
வண்டியைக் கிளப்பிப் போய்ப் பார்த்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது.
பெட்டி மேல் ஒரு தேரை.
இரண்டாம் ராத்திரியும் போனேன்.
மூன்றாம் ராத்திரி வேம்பு
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்,
"நடையை மிச்சம் பண்ணத்தானே வாங்குன?"

ஒன்பதாம் நாள் பகல்.
நாற்றங்கால் தளும்பி
மடை உடைத்துக்கொண்டு
பக்கத்து உளுந்துக்குள் தண்ணீர்.
நான் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை.
மோட்டார் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

பக்கிரிசாமி ஆப்பைத் திறந்து
வந்த அழைப்புகளைக் காட்டினான்.
கடன் கம்பெனி ஒன்று
மூன்று தரம் மோட்டாரிடம் பேசியிருக்கிறது.
தனிநபர் கடன் பெற எண் ஒன்றை அழுத்தவும்.
மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்.
இருவருக்கும் விரல் இல்லை.
கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்து
வைத்துவிட்டிருக்கிறார்கள்.

மற்ற பதினாலும் ஒரே நம்பர்.
எனக்கு மனப்பாடமான நம்பர்.
காலை பதினொன்று, மத்தியானம் மூன்று,
நான் உரம் வாங்கப் போன நேரம், நான் குளிக்கப் போன நேரம்.

"என் பேர்ல இருக்குற நம்பர்தானே,
நான் பேசக்கூடாதா?"
என்றாள் வேம்பு, அரிசியைப் புடைத்துக்கொண்டே.
"நேத்து வரைக்கும் சும்மா கேட்டுட்டு வச்சுருவேன்.
இன்னிக்குக் கை தவறி அழுத்திட்டேன்."
கை தவறவில்லை என்று
முறத்துக்கே தெரிந்திருக்கும்.

உளுந்துக்கு நஷ்டம் நானூறு கொடுத்தோம்.
உங்க நம்பர் மட்டும் போதுமா, பூட்டிடவா
என்று கேட்டான் பக்கிரிசாமி.
இரண்டு போடு என்றேன்.

நேற்று ராத்திரி ஒன்று நாற்பது.
முதலில் என்னுடையது அடித்தது.
கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஓய்ந்து
அவள் தலையணைக்கடியில் போய் அடித்தது.
இருட்டில் ஒரு ழகரம்,
ஒரு விரல்,
அவ்வளவுதான்.
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
நான் டார்ச்சைத் தேடினேன்.