குதிகால் கணக்கு

ரூசே நகர நாடக அரங்கில்
மேடைக்கு அடியில் ஒரு குழி.
இருபத்திரண்டு வருடம் அதில் உட்கார்ந்து
மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுத்தேன்.
முகங்களை அதிகம் பார்த்ததில்லை.
என் கண்மட்டத்தில் இருந்தவை காலணிகள்.

லியூபெனுடையவை பழுப்பு பூட்ஸ்,
இடதில் தையல் விட்டு, கறுப்பு நூலால் தைத்தவை.

அந்தக் குளிர்காலம் அவன் ஒரு தளபதி.
போர் முடிந்து வீடு திரும்புகிறான்.
அவன் நாற்காலியில் தம்பி, அவன் போர்வைக்குள்ளும்.
உயிரைக் காத்துக்கொள்ள
முற்றத்தில் இறங்கிச் சல்லடையில் பனியைச் சலிக்கிறான்.
"இந்த மாவில் கல் அதிகம்" என்கிறான்.
எல்லோரும் சிரிக்கிறார்கள். பிழைத்துக்கொள்கிறான்.

நாலாம் அங்கத்தில் தம்பி செத்துக் கிடக்கிறான்.
இனி யாருக்காகவும் வேஷம் வேண்டாம்.
சல்லடையோ கையைவிட்டு இறங்கவில்லை.

ஒத்திகையில் இதுதான் சண்டை.
இயக்குநர் ரதோஸ்லாவ் மேசையைத் தட்டினார்:
"எந்த வரியில் நிஜமாகிறது, சொல்.
அந்த வரியில் நான் விளக்கை மாற்ற வேண்டும்."
லியூபென் ஆப்பிளைக் கடித்தபடி சொன்னான்:
"அவனுக்கே தெரியாததை
விளக்குக்காரன் எப்படித் தெரிந்துகொள்வான்?"

எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.
பைத்தியச் சிரிப்புக்கு முன்னால்
அவன் வலது குதிகால் பலகையைத் தட்டும்:
ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகுதான் சிரிப்பு.
எண்ணிச் சிரிப்பவனுக்கு ஏது பித்து?
தூசி என் பிரதியில் விழும்.
ஊதிவிட்டுப் பக்கம் திருப்புவேன்.

பதினோராம் இரவு குதிகால் தட்டவில்லை.
சிரிப்பு வந்தது.

அடுத்த வரியை மெல்லச் சொன்னேன்.
அவன் மண்டியிட்டான்.
என் குழியின் வாயில் முதன்முதலாக அவன் முகம்,
சாயம் வழிந்து, வெங்காய வாசனையோடு.
"அது அவனுடைய வரி, ஸ்வெதானா.
எனக்கு ஒன்று எடுத்துக் கொடு."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.
நான் பக்கத்தைத் திருப்பினேன். கைப்பழக்கம்.

பிறகு பேச்சு பலவிதம்.
கடன்காரர்களிடமிருந்து தப்பப் போடும் நாடகம் என்றார் கணக்கர்.
குடி என்றாள் உடை அலமாரிக்காரி.
அவன் மனைவி ருமியானா
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
"நீங்கள் கீழேயிருந்து பார்த்தவர். நிஜமா?"
தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள்.
நடித்தபடியே தூங்கிப்போனவனை
எந்தப் பக்கமிருந்து தட்டுவது?
பூட்ஸைத் தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தேன்.

மருத்துவமனை ஒரு படிவம் அனுப்பியது.
உண்மை / பாசாங்கு. பொருந்தாததை அடிக்கவும்.
மூன்று நாள் அது சமையலறையில் கிடந்தது,
காபிக் கோப்பையின் வட்டக் கறையோடு.
கடைசியில் நடுவிலிருந்த சாய்கோட்டை மட்டும்
அடித்துத் திருப்பி அனுப்பினேன்.

டான்யூபில் பனிக்கட்டி உடைந்து மிதந்த மார்ச்சில்
அவனைப் பார்க்கப் போனேன்.
துணிச் செருப்போடு ஜன்னலருகே இருந்தான்.
சூப்பில் உப்பில்லை என்றான்.
சரக்குப் படகுகள் தாமதம் என்றான்.
என் முழங்கால் வலியை விசாரித்தான்.
இவ்வளவு தெளிவாக அவன் என்றுமே பேசியதில்லை;
அதுதான் பயமாக இருந்தது.

கிளம்பினேன். கதவுப்பிடியில் கை.
பின்னால், சிமெண்டுத் தரையில்,
துணிச் செருப்பின் குதிகால்:
ஒன்று.
இரண்டு.

கதவை இழுத்துச் சாத்திவிட்டேன்
மூன்று வருமுன்.