துடைப்பம் வைக்கும் இடம்

படிக்க வருபவர்களுக்கு மூன்று தளம் வெயில்.
வேலை செய்பவர்களுக்கு
மின்தூக்கிக்குப் பின்னால் மிஞ்சிய இடம்.
அதைத்தான் என்னிடம் கொடுத்தார்கள்:
பதினோரு பேர், எண்பத்து நான்கு சதுர மீட்டர்,
தூணை நகர்த்த முடியாது என்ற குறிப்போடு.

மொந்தேவிதேயோவில் அது ஆகஸ்ட்.
தெற்கிலிருந்து வந்த காற்று
ஆற்றைக் கடல் என்று நம்பவைத்துக்கொண்டிருந்தது.
கேள்வித்தாள் கொண்டுபோயிருந்தேன்.
நாளுக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள்?
எத்தனை இழுப்பறை தேவை?
வாஷிங்டன் பெரெய்ரா எல்லாக் கட்டத்திலும்
ஒரே பதிலை எழுதியிருந்தார்:
வெந்நீர்க் குடுவை வைக்க இடம்.

சிரித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன்.
பதினோரு குடுவை,
மாத்தே இலை ஊறும் சுரைக்குடுக்கை இன்னொரு பதினொன்று.
அட்டவணைப் பெட்டிமேல் சில, குழாய்மேல் ஒன்று,
அகராதியின் ஐந்தாம் தொகுதிமேல் ஒன்று,
அது விட்டுப்போன வட்டக் கறை.
மேசையின் அகலத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூட்டினேன்.
கல்லூரியில் யாரும் சொல்லித்தராத பன்னிரண்டு.

சுவரே வேண்டாம் என்றார் துறைத் தலைவர்,
எல்லோரும் எல்லோரையும் பார்க்கட்டும், புது யுகம்.
அவர் அறைக்கு இரண்டு கதவு.

செப்டம்பரில் தரையில் வெள்ளை நாடா ஒட்டி
அறையை அதன் நிஜ அளவிலேயே வரைந்தேன்.
கோட்டைச் சுவர் என்று மதித்து நடங்கள் என்றேன்.
மதித்தார்கள்.
ஐம்பது வயதுக்காரர்கள் பாண்டி ஆடுவதுபோல
கோடு மிதிக்காமல் தாண்டினார்கள்.
யமாந்து இல்லாத கதவை விரல் மடக்கித் தட்டினான்,
வாங்க, என்றது இல்லாத அறை.
புத்தக வண்டிக்கு மட்டும் நடிக்கத் தெரியவில்லை.
அதன் முன்சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்,
மூன்று சுவரை இடித்துக்கொண்டு போனது.
வண்டியை மாற்றலாமே, என்றேன்.
மனுக் கொடுத்து ஆறு வருஷம், என்றார் வாஷிங்டன்,
சுவரை மாற்றுங்கள், அதுதான் சீக்கிரம் நடக்கும்.

நேலிதா எச்செவெர்ரி எதுவும் கேட்கவில்லை.
முகப்பு மேசையில் இருபத்திரண்டு வருஷம்.
கேள்வித்தாளை மடிக்காமல் திருப்பித் தந்திருந்தாள்,
பெயர் மட்டும் எழுதி.

அன்று மாலை ஒருவன் வந்தான்.
அபராதச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.
அரசு ஊழியர் என்ற சொல்லை
எச்சிலைப்போலப் பயன்படுத்தினான்.
அவள் புன்னகை அசையவில்லை.
அவன் போனதும் எழுந்தாள்.
ஆறு அடி எடுத்து வைத்தாள், ஏழாவதில்
தீயணைப்புக் கருவிக்கும் தூணுக்கும் நடுவே
சுவரைப் பார்த்து நின்றாள்.
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
வெட்கம்தான், ஆனாலும் பார்த்தேன்.
நாற்பது நொடி.
திரும்பியபோது புன்னகை அதன் இடத்தில் இருந்தது,
கழற்றித் துடைத்து மாட்டிய மூக்குக்கண்ணாடி மாதிரி.

நகர்த்த முடியாத தூண்.
நல்லவேளை.

அதை ஒட்டி ஒரு கட்டம் போட்டேன்,
தொண்ணூறுக்கு நூற்றிருபது.
உள்ளிருந்து தாழ்ப்பாள், மங்கலாய் ஒரு விளக்கு.
நிலைக்கண்ணாடி கூடாது.
கூட்டத்தில் பொருளாளர் அதன்மேல் விரல் வைத்தார்:
இது என்ன?
நிற்க, என்று சொல்லியிருந்தால்
எதற்கு என்று கேட்டிருப்பார், நானும் சொல்லியிருப்பேன்,
அவள் நாற்பது நொடி அறிக்கையில் ஏறியிருக்கும்.
துடைப்பம் வைக்க, என்றேன்.
துடைப்பத்தோடு யாரும் வாதாடுவதில்லை.
கையெழுத்து விழுந்தது.

அடுத்த குளிர்காலத்தில் போய்ப் பார்த்தேன்.
மேசைகளில் குடுவைகள் நின்றன.
வண்டி ஒரு சுவரைத்தான் இடித்தது,
அந்தப் பெயர்ந்த சுண்ணாம்புக்கு நான்தான் பொறுப்பு.
தூணருகே கதவைத் திறந்தேன்.
உள்ளே, மூலையில், நிஜமாகவே ஒரு துடைப்பம்.
புத்தம் புதிது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

தணிக்கைக்கு யாராவது வந்தால்? என்றாள் நேலிதா,
உங்களைப் பொய்க்காரி ஆக்கிவிடக் கூடாதே.

முகப்பில் மணி அடித்தது.
கன்னத்தை ஒருமுறை புறங்கையால் தேய்த்துக்கொண்டு
ஏழு அடி நடந்து போனாள்.