மூன்று டெசிபல்

காதுமெத்தை உரிந்து
கறுப்புச் செதிலாய்க் கழுத்தில் ஒட்டுகிறது.
குளித்தாலும் ஒன்றிரண்டு மிஞ்சும்.
ஹெட்போனுக்கு வயது ஏழு.
கம்பெனி மெத்தையின் விலை
ஸ்டுடியோவின் ஒரு மாத வாடகை.

ஆம்பூரில் ஷூவுக்கு மேல்தோல் வெட்டும் முதஸ்ஸிர்
நூல் வைத்து அளவெடுத்துப் போனான்.
வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து
பஸ்ஸில் வந்து கொடுத்தான்:
ஆட்டுத்தோல், இரட்டைத் தையல்,
ஏற்றுமதியில் கழித்த துண்டு.
"வேலிமுள்ளு கீறுன தழும்பு இருக்கு மேடம்,
அதான் கழிச்சாங்க. காதுக்கு அது தெரியாது."

மாட்டிக்கொண்டேன்.
தோட்டப்பாளையம் போய்விட்டது.
ஃபேன் போய்விட்டது,
கீழே ஜூஸ்கடையின் மிக்ஸி போய்விட்டது.
நான் எச்சில் விழுங்குவது மட்டும் கேட்டது.

பாட்டுப் போட்டுச் சோதிக்கிற வழக்கம் எனக்கில்லை.
பாட்டு லஞ்சம் கொடுக்கும்.
என்னிடம் இருப்பது நாற்பது நொடி:
புது பஸ் ஸ்டாண்டில், ஒரு மே மாதம்,
பேர் தெரியாத கண்டக்டர் ஊர்களைக் கூவுகிறார்.
சத்துவாச்சாரியின் "ச்சா"
காதைக் கீறினால் அந்த ஹெட்போன் வேண்டாம்.
கீறவே இல்லையென்றால் அதுவும் வேண்டாம்,
எதையோ மறைக்கிறது.
பேரணாம்பட்டில் "ம்" கிணற்றடியில் நிற்க வேண்டும்.
சோளிங்கருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே
அவர் மூச்சு வாங்குமிடத்தில்
பின்னால் யாரோ சில்லறையைத் தவறவிடுவார்கள்.
மலிவான ஹெட்போனில் ஒரு நாணயம் விழும்.
என்னுடையதில் எப்போதும் இரண்டு.

இன்று மூன்று.
மூன்றாவது உருண்டு போய்
எதிலோ முட்டிப் படுத்தது.

தோல் ஜெயித்தது என்று
போன வாரம் முடித்த விளம்பரத்தைத் திறந்தேன்.
ஜவுளிக்கடை, ஆடித் தள்ளுபடி,
குரல் தணிகாசலம் சார்.
தொண்டையில் சாக்குமூட்டை கட்டியதுபோல் பேசினார்.
அதற்கு முந்தைய விளம்பரம். அதிலும் சாக்குமூட்டை.
பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பதிந்த
பத்தாம் வகுப்பு அறிவியல், பன்னிரண்டு பாடம்,
வாசித்தது கிரேஸ் ஷீலா.
ஊசிக் குரல் அவளுக்கு.
அவளும் குடத்துக்குள் இருந்தாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
மெத்தை உரிய உரிய
விரிசல் வழியே பேஸ் கசிந்திருக்கிறது.
குறைகிறதே என்று ஒவ்வொரு குரலிலும்
நான் கொஞ்சம் ஊற்றியிருக்கிறேன்.
மூன்று வருஷம். மூன்று டெசிபல்.
மானிட்டர் பொய் சொல்லாது என்று
வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே.

ஹெட்போனைக் கழற்றியபோது ஜன்னலுக்குக் கீழே
ஒரு விளம்பர ஆட்டோ போனது.
என் வேலைதான்.
காகிதப்பட்டறை வரைக்கும் கேட்கும்படி
தடித்துப்போய்ப் போனது என் பிழை.
டீக்கடையில் யாரும் நிமிரவில்லை.

தணிகாசலம் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்:
உங்கள் குரலை இத்தனை நாள் கெடுத்திருக்கிறேன்,
எல்லாவற்றையும் திருத்தித் தருகிறேன், காசு வேண்டாம்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"வேணாம்மா.
அந்த ஆட்டோவைக் கேட்டுட்டுத்தான்
சம்பந்தி வீட்டுல முதமுறையா
என்னை உக்காரச் சொன்னாங்க."
போனில் அவர் குரல் மெலிசாக இருந்தது.
எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவருடையதை மூடிவிட்டேன்.

கிரேஸ் ஷீலாவைத் திறந்து வைத்திருக்கிறேன்,
முதல் பாடம், இரண்டாம் பத்தி.
மணி பதினொன்று, கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
குறைக்கக் குறைக்க
அவள் குடத்திலிருந்து ஏறி வருகிறாள்.
வலது காதில் மட்டும் ஏதோ உறுத்துகிறது,
தழும்பு இருக்கும் பக்கம்.